பார்வை: வரிசை எண் ஏழு

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் சார். முதலில் அந்த அறிவுரைத் தாளில் ஏழாவது வரியைப் படியுங்கள். பேனாவை மூடிவிட்டே படிக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. உள்ளே உங்கள் அக்காவுக்குக் கதிர் சிகிச்சைக்கான மாஸ்க் செய்து முடிக்க எப்படியும் அரை மணி நேரம் ஆகும். வெந்நீரில் ஊறப்போட்ட பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அமுக்கி, அது இறுகும்வரை காத்திருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. மூச்சு விடலாம். பேச முடியாது, அவ்வளவுதான்.

படித்தீர்களா? "சிகிச்சை முடியும் நாள் வரை தலைமுடியை வெட்டவோ, மழிக்கவோ, நேர்த்திக்கடன் உட்பட எக்காரணம் கொண்டும் குறைக்கவோ கூடாது." இந்த வாக்கியம் நான் எழுதியது. ஆவுடையப்பன், நில அளவர், ஓய்வு, அம்பாசமுத்திரம். கீழே என் பெயரைப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும்.

போன மாதம் வரை அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? "சிகையலங்காரத்தை மாற்ற வேண்டாம்." நீங்கள் படித்தவர். வெளிநாட்டில் இருந்தவர் போலவும் தெரிகிறது, பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். நீங்களே சொல்லுங்கள். மொட்டை ஓர் அலங்காரமா?

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் ஆரம்பித்தால் தப்பு என் மேல் இருப்பது போலத் தோன்றும்.

சிவப்பு விளக்கு எரிகிறதே, அந்த அறைக்குள் படுத்திருப்பது என் மனைவி, உலகம்மை. ஐம்பத்தெட்டு வயது. கதிர் கொடுப்பது இன்று இருபத்தெட்டாவது தடவை. இன்றோடு முடிகிறது. போன ஐப்பசியில் அவள் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வலது தோள் ஒரு நாள், இடது தோள் ஒரு நாள். பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவாள். முப்பத்தைந்து வருஷமாக நடமாடுகிற வீடு. கவனக்குறைவு என்று கண்டித்தேன். கண்டித்தும் திருந்தவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கவனிக்க மாட்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். நேராக டிவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தம்பி மகள் வளைகாப்புக்கு நான் போகவில்லை, அந்தக் கோபம் என்று நினைத்தேன். கோபம் என்றால் எனக்கும் வரும் அல்லவா? ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. அவள் பேசினாள். நான் பதில் சொல்லவில்லை.

பிறகு மார்க்கெட் ரோட்டில் ஓர் ஆட்டோ அவள் சேலையை உரசிக்கொண்டு போனது. ஆட்டோ வந்ததே தெரியவில்லை என்றாள். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிற போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பார்வைப் புலம் என்று அதற்குப் பெயர். தாளில் படமாக வந்தது. நானும் முப்பத்தொரு வருஷம் நிலத்துக்குப் புலப்படம் போட்டவன் சார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நடுவில் மட்டும் வெள்ளை. வலது ஓரமும் இடது ஓரமும் கறுப்பு. இரண்டு பக்கமும் ஆக்கிரமிப்பு.

"எத்தன நாளா பக்கவாட்டுல தெரியல?" என்று டாக்டர் கேட்டார்.

உலகம்மை என்னைப் பார்த்தாள். தலையை முழுதாகத் திருப்பித்தான் பார்த்தாள். "ஆறு மாசம் இருக்கும். அவுஹளுக்குத் தேதி தெரியும்" என்றாள்.

இரண்டு கண்ணிலிருந்தும் வருகிற நரம்புகள் மூளைக்கு அடியில் ஓர் இடத்தில் ஒன்றையொன்று குறுக்கே தாண்டுகின்றன. முச்சந்தி, நாற்சந்தி மாதிரி. அந்தச் சந்திக்கு நேர் கீழே பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் கட்டி வளர்ந்து, மேலே ஏறி, நரம்பை முட்டிக்கொண்டிருந்தது. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார்கள். சாதாரணக் கட்டி உட்கார்ந்த இடம்தான் அசாதாரணம்.

மதுரைக்கு வந்தோம். மூக்கு வழியாகக் கருவியை விட்டு ஆபரேஷன். அன்றைக்குத்தான் நான் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். நல்லபடியாக முடிந்தால் மொட்டை. என் தலையில் நேர்ந்துகொள்ள எதுவும் இல்லை, பார்க்கிறீர்களே. முப்பத்தாறு வயதிலேயே போய்விட்டது. அதனால் அவள் முடியை நேர்ந்துகொண்டேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரும். காதோரம் மட்டும்தான் நரை. சாமிக்குக் கொடுப்பதென்றால் வீட்டில் இருப்பதில் நல்லதாகப் பார்த்துத்தானே கொடுப்போம்? அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் மயக்கத்தில் இருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை பாதி திரும்பியது. மீதி இரண்டு பக்கமும் மங்கல்தான். கட்டியில் ஒரு துணுக்கு மட்டும் நரம்பை ஒட்டி நின்றுவிட்டது. கத்தியால் தொட்டால் நரம்பு போய்விடும். விட்டால் மறுபடி வளரும். அதனால் கதிர்.

கதிர் கொடுக்கும் டாக்டர் மும்தாஜ் அம்மா தெளிவாகச் சொன்னார். "துணுக்குக்கும் நரம்புக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்தான் சார் இடம். துணுக்குல பட வேண்டியது நரம்புல பட்டா இன்னைக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்வை போகும். போனா வராது."

அதற்குத்தான் மாஸ்க். தலையை மேஜையோடு பூட்டிவிடுவார்கள். பூட்டினால் போதாது. ஒவ்வொரு நாளும் மெஷின் முதலில் தலையைச் சுற்றிப் படம் எடுக்கும். முதல் நாள் எடுத்த படத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பார்கள். மண்டை எலும்பு ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் கதிர். இல்லையென்றால் மேஜையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். இது எனக்கு உடனே புரிந்தது. எலும்புதான் சர்வே கல். கல் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டு, அதிலிருந்து அளந்துதான் உள்ளே போக வேண்டும். இந்த உதாரணத்தை மெஷின் பார்க்கிற சகாயராணியிடம் சொன்னேன். "சூப்பர் தாத்தா" என்றாள்.

தாத்தா! எனக்கு அறுபத்திரண்டு. அன்றைக்கே அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது.

இப்போது இந்தத் தாளுக்கு வருகிறேன். இதே பெஞ்ச். இதே தாள், பழைய ஏழாவது வரியோடு. உலகம்மைக்குப் பொடி எழுத்து வாசிப்பது சிரமம். "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். நான் வாசித்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கினவன், ஒரு தாளைப் பார்த்தால் அதன் சாரம் தெரியாதா? "ஒன்னுமில்ல, பூ வைக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சிகையலங்காரம் என்றால் வேறு என்ன? பூ, ரிப்பன், சடை வில்லை. இந்த வயதில் ரிப்பன் கட்டப் போகிறாளா? ஆகவே பூ. அவளும் அன்றிலிருந்து பூ வைக்கவில்லை. நாங்கள் விதியை மீறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்து நாள் சரியாகப் போனது. திங்கள் முதல் வெள்ளி வரை கதிர், சனி ஞாயிறு விடுமுறை. பத்தாவது நாள் சகாயராணி சொன்னாள், "பாட்டி, கதிர் போற எடத்துல இனிமே கொஞ்சம் முடி கொட்டும். திட்டுத் திட்டாப் போகும். அப்புறம் வந்துரும், கவலப்படாதீங்க."

நான் கணக்குப் போட்டேன். எப்படியும் விழப் போகிற முடி. விழுந்த பிறகு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது காணிக்கையா, கழிவா? முழுதாக இருக்கும்போதே கொடுத்தால்தான் முறை. மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலை பஸ் ஏறி, மத்தியானத்துக்குள் திருச்செந்தூர்.

பஸ்ஸில் வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். முன்னாடியே சொன்னால் யோசிப்பாள். யோசித்தால் தலைவலி வரும்.

"கட்டாயமா?" என்றாள்.

"சாமி காரியம்."

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே உப்பளம், பனை, வெயில். பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டு வைத்திருந்தாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை, யாரும் மிதித்துவிடப் போவதில்லை. ஏன் அப்படி வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

முடி எடுக்கிறவர் வயதானவர். தண்ணீரைத் தெளித்துவிட்டு, "அம்மாவுக்குப் பூமுடியா, மொட்டையா?" என்று கேட்டார். பூமுடி என்றால் மூன்று கத்தரி, நுனியில் கொஞ்சம்போல எடுப்பார்கள். பெண்களுக்கு அதுவும் உண்டு.

"பூமுடி" என்றாள் உலகம்மை.

"மொட்டை" என்றேன் நான்.

அவர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு என் பேச்சைக் கேட்டார். நேர்ந்துகொண்டது நான் அல்லவா?

குளித்து, சாமி கும்பிட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்றே சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை வந்தோம். இந்த வாசலில்தான் சகாயராணி நின்றாள். நின்றவள் அப்படியே நின்றாள்.

"தாத்தா, பாட்டி முடி எங்க?"

"திருச்செந்தூர்ல."

"ஐயோ" என்றாள். கிறிஸ்தவப் பெண், புரியாது போலும் என்று நேர்த்திக்கடனைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "எங்கம்மையே வேளாங்கண்ணியில மொட்ட போட்டவதான் தாத்தா. எனக்கு அது தெரியாதா? மாஸ்க் என்ன ஆவும்னு சொல்லுங்க" என்றாள்.

மாஸ்க் என்ன ஆகும்? முடியோடு அளவெடுத்த மாஸ்க். அத்தனை முடி போனதும் தலை அதற்குள் லொடலொடவென்று ஆகிவிட்டது. உலகம்மைக்கு அதில் சந்தோஷம். "இன்னைக்குத்தான் காத்தோட்டமா இருக்கு, இருக்கட்டுமே" என்றாளாம். இருந்தாலும் படம் எடுத்துப் பார்த்தார்கள். என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள் சகாயராணி. பழைய படம் ஆரஞ்சு, புதுப் படம் நீலம். பொருந்துகிற இடம் சாம்பல் நிறமாகிவிட வேண்டும். அன்று ஓரமெல்லாம் கலர் கலராக நின்றது. உலகம்மைக்கு இரண்டு மண்டை இருப்பது போல.

"நாலு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு. லேசாத் திரும்பியும் இருக்கு. போட மாட்டேன்."

நாலு மில்லிமீட்டர்! சார், நான் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். கொளுத்துகிற வெயிலில் சங்கிலியே அதைவிட அதிகமாக நீளும். "மேஜைய நாலு மில்லி நவுத்த வேண்டியதுதானம்மா, அதுக்குத்தான மெஷினு?" என்றேன்.

"நவுத்தலாம் தாத்தா. நவுத்துன பெறவு பாட்டி நவுராம இருப்பாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

கையெழுத்து என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரலை உயர்த்தினேன் என்று பிறகு சொன்னார்கள். நான் உயர்த்தவில்லை, அறை சிறியது. டாக்டர் மும்தாஜ் அம்மா வந்தார். உலகம்மையையும் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். நான் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். ஒரு முடியை எடுத்ததற்கு இவ்வளவு கெடுபிடியா, நாலு மில்லிமீட்டருக்கு ஒரு வைத்தியத்தை நிறுத்துவார்களா என்று கேட்டேன்.

உலகம்மை டாக்டரிடம் சொன்னாள், "முக்கால் இஞ்சு சொவத்துக்கு ஒம்பது வருசமா கோர்ட்டுக்குப் போறாஹ டாக்டர்."

அது வேறு விஷயம் சார். பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து காம்பவுண்டுச் சுவரை என் பக்கம் முக்கால் அங்குலம் தள்ளிக் கட்டிவிட்டான். ஓய்வு பெற்ற கண்டக்டர். நில அளவர் வீட்டிலேயே ஒருவன் எல்லையைத் தள்ளினால் விட்டுவிட முடியுமா? அது நிலம். ஒரு தடவை போனால் திரும்பி வராது.

டாக்டரம்மா, "முதல்லேர்ந்து எல்லாம் மறுபடி செய்யணும். புது மாஸ்க், புது ஸ்கேன், புதுக் கணக்கு. நாலு நாள் ஆகும்" என்றார்.

"நாலு நாள் விட்டா அந்தத் துணுக்கு வளந்துராதா?"

"வளராது."

"நிச்சயமா?"

"சார், இன்னைக்கு அந்தப் பொண்ணு படம் பார்க்காமப் போட்டிருந்தா நான் எதையும் நிச்சயமாச் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்த நாலு நாளும் பக்கத்துத் தெருவில் எடுத்திருந்த வாடகை அறையில்தான் இருந்தோம். எனக்குப் பயம் எல்லாம் ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். மெஸ்ஸில் எண்ணெய் சரியில்லை. போன வெள்ளிக்கிழமை வரை கதிர் சரியான இடத்தில்தான் பட்டது என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தினமும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டேன். புதன்கிழமை அவர் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் உலகம்மை பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். "இத முழுசா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை. ஏழாவதில், "சிகையலங்காரத்தை மாற்ற வேண்டாம்" என்றேன்.

"பூன்னு சொன்னிய."

"பூவும் அதுல அடக்கம்தான்."

"முடியும் அடக்கம்தான?"

நான் எட்டாவது வரியை வாசித்தேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரியும். சரி, போன தடவை தப்பாகத் தெரிந்துகொண்டேன், அது நோய். இது நோய் இல்லை, கோபமும் இல்லை. வேறு என்ன என்று எனக்கு இன்றுவரை வகைப்படுத்த முடியவில்லை.

தவறு எங்கே என்று நான் யோசித்தேன். சொல்லில் இருந்தது. உடனே மனு எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம். "பொருள்: அறிவுரைத் தாளில் காணும் சொற்பிழையால் நேர்ந்த தலைமுடி நீக்கம் – திருத்தம் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் அறிவுரைத் தாள், வரிசை எண் ஏழு." ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இதை முழுதாகவே வாசித்தேன்.

"பார்வைன்னு எழுதிட்டு அதுக்கு நேரா என் முடியப் பத்தில்லா எழுதியிருக்கிய" என்றாள்.

"அது ஆபீஸ் வழக்கம். முன்னால வந்த தாளக் குறிக்கிற சொல்லு."

"தெரியும். முப்பது வருசமா ஒங்க பேப்பரயெல்லாம் நாந்தான மடிச்சு வச்சேன்."

வெள்ளிக்கிழமை புது மாஸ்க்கில் பதினொன்றாவது. படத்தில் எல்லாம் சாம்பல் நிறம். சகாயராணி வெளியே வந்து கட்டை விரலைக் காட்டினாள். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

மனுவுக்கு என்ன பதில் என்கிறீர்களா? டாக்டரம்மா கூப்பிட்டார். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதான். எங்க வார்த்தை சரியில்ல. நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது பாருங்கள். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து யோசித்த வாசகம் அது. அதில் சந்து இருக்கிறதா, கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

நான் எழுதாதது ஒன்றும் அந்தத் தாளில் இருக்கிறது. கீழே பாருங்கள், முன்பு கையெழுத்துக்கு ஓர் இடம்தான், உடன் வந்தவருக்கு. இப்போது இரண்டு. "நோயாளிக்கு முழுமையாகப் படித்துக் காட்டப்பட்டது. நோயாளியின் கையொப்பம்." இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வீண் காகிதம். உலகம்மை ஒரு நாள் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று உள்ளே போயிருந்தாள், அதற்கு மறுநாள்தான் இது வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

இப்போது மிச்சம் இருப்பது அந்தப் பக்கப் பார்வைதான் சார். கதிர் என்பது கட்டியை வளரவிடாமல் நிறுத்த. ஓரப் பார்வை இன்னும் திரும்புமா என்றால், திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்துப் பெட்டிச் சோதனை வைத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டரம்மா. மூன்று மாதம்! அதுவரை சும்மா இருக்க முடியுமா? நானே ஓர் ஆய்வு நடத்துகிறேன். இந்த நோட்டில் இருக்கிறது. தேதி, பக்கம், பாகை. அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் போய் நிற்பேன். சும்மா நின்றால் போதாது, பார்த்தால் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்கிற மாதிரி நிற்க வேண்டும். ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கையை ஆட்டினேன். பதினோரு தடவை. ஒரு தடவைகூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாருங்கள், வலது, இல்லை. இடது, இல்லை. இடது, இல்லை.

அவளிடமே கேட்டால் என்ன என்கிறீர்கள். கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வாள், எனக்காக. அது சாட்சியம் ஆகாது. நிலத்தை அளக்கப் போகிறவன் பட்டாதாரரிடமே எல்லை எங்கே என்று கேட்டு அளக்கலாமா? இந்த ஆறு வாரத்தில் நான் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோ, சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. முடிந்தது சார். இருபத்தெட்டு.

வருகிறாள். அந்தப் பையில் இருப்பது மாஸ்க்தான். கடைசி நாள் கொடுத்துவிடுகிறார்கள். முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

வா உலகு. இங்ஙன உக்காரு. இல்ல, இந்தப் பக்கம். நான் ஒனக்கு எடது பக்கமா வரணும்.

"எந்தப் பக்கம் உக்காந்தா என்ன? அப்பாடி."

சார் அக்காவுக்கு இன்னைக்குத்தான் மாஸ்க். நம்ம ஏழாவது வரியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

"சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கிய."

என்னது?

"பித்தான். மேல ஒன்னு அனாதையா நிக்கி. காலையில செருப்பு மாட்டயிலயே ஓரமாத் தெரிஞ்சிது, இப்பவும் தெரியுது."

சார், நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? தலையைத் திருப்பினாளா? இல்லை அல்லவா? எதிரே அந்தத் தண்ணீர் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது பாகை இருக்கும் சார். அறுபதுக்குக் குறையாது. இருங்கள், நோட்டை எடுக்கிறேன். பேனா. உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

"எழுதுங்க. போன வியாழக்கிழம கண்ணாடியத் தலகீழாப் போட்டுக்கிட்டு நின்னியள்ல, அதயும் எழுதுங்க. அன்னைக்கு மங்கலாத்தான் தெரிஞ்சிது. ஞாயித்துக்கிழம தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஜன்னலோரம் கைய ஆட்டுனிய. அது நல்லாவே தெரிஞ்சிது. எதுத்த வீட்டுப் பொம்பள பயந்து உள்ள போயிட்டா."

பாத்தியா? எல்லாத்தையும் பாத்தியா? பெறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?

"நீங்க கேக்கலையே."

இரு. பேனா மூடி கீழ விழுந்துட்டு.

"ஒருவாட்டியாவது கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்."

ஒரு நிமிஷம் சார். இந்தப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொள்கிறேன். மேலிருந்து கீழே வர வேண்டும். ஒன்று தப்பினால் எல்லாம் தப்பிவிடுகிறது.

இல்ல உலகு, அழல. ஏசி காத்து.

சார், உங்கள் பேனா, இந்தாருங்கள். கையெழுத்து இப்போது வேண்டாம். உங்கள் அக்காவுக்கு மாஸ்க்கைக் கழற்றியதும் உள்ளே கூப்பிடுவார்கள். அப்போது தாளைக் கொண்டுபோய் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. ஒன்பது வரிதான். சுருக்க வேண்டாம்.